மாறுநிலைக்கு மேலே

மார்ச் 4
மாதிரியை மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோகும் லேப் ஃபிரிட்ஜ் குளிர ஆரம்பித்துவிட்டது. இனிக் காத்திருப்பதுதான் வேலை.

மார்ச் 5
4 கெல்வின். அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம். கேட்டால், நீ சாப்பிட்டாயா என்கிறாள்.

மார்ச் 6
என் மெல்லிய உலோகப் படலம் 0.38 கெல்வினில் மின்தடையை இழந்து மீகடத்தி ஆனது. அதுதான் இதன் மாறுநிலை. நியோபியம்-சிலிக்கான், 2006-இல் பாரிஸ் குழு அளந்த அதே வகை.

மார்ச் 8
தூக்கம் வரவில்லை. படலத்தின் ஒரு முனையைச் சூடாக்கி, செங்குத்தாகக் காந்தப்புலம் வைத்தால் குறுக்கே சில நானோவோல்ட். நெர்ன்ஸ்ட் விளைவு. மாறுநிலைக்குக் கீழே, புலம் துளைக்கும் இடங்களைச் சுற்றி ஓடும் மின்னோட்டச் சுழல்கள் சூட்டிலிருந்து குளிருக்கு நகர்வதால் வருகிறது, சரி. ஆனால் 2 கெல்வினிலும் சிக்னல் இருக்கிறதே! கணப்பொழுது கூடிப் பிரியும் கூப்பர் ஜோடிகளா (மீகடத்தலைத் தரும் எலெக்ட்ரான் இணைகள்), சாதாரண எலெக்ட்ரான்களா? 2000-இல் பிரின்ஸ்டனில் ஓங் குழு குப்ரேட் என்ற தாமிர ஆக்சைடு மீகடத்தியில் இதைப் பார்த்ததிலிருந்து விவாதம் ஓயவில்லை. அங்கே எலெக்ட்ரான்களின் வேறு ஒழுங்கமைப்புகளும் குறுக்கிடுகின்றன. அதனால்தான் எனக்கு இந்த ஒழுங்கற்ற உலோகம் பிடிக்கிறது. எலெக்ட்ரான் ஏறக்குறைய ஓர் அணு இடைவெளி போவதற்குள் மோதிவிடுகிறது. அதன் பங்கு மிகமிகச் சிறியது. மிஞ்சுவது ஜோடிகள்.

மார்ச் 9
பம்ப் அதிர்வால் பொய்ச் சிக்னல். புலத்தின் திசையைத் திருப்பி அளந்து கழித்ததும் அது போய்விட்டது. நிஜச் சிக்னல் போகவில்லை.

மார்ச் 10
ரிப்போர்ட் வந்துவிட்டது. நாளை டாக்டரிடம் போகிறார்கள். மனம் நிற்க உஸ்ஸிஷ்கின், சோந்தி, ஹியூஸ் இந்த ஜோடிகளின் நெர்ன்ஸ்ட் விளைவு பற்றி எழுதிய 2002 கோட்பாட்டுக் கட்டுரையைத் திரும்ப எடுத்தேன். காந்தமாக்கல் மின்னோட்டத்தைக் கழிக்காவிட்டால், சூடு மின்னோட்டத்தைத் தள்ளுவதையும் மின்புலம் சூட்டைத் தள்ளுவதையும் இணைக்கும் ஆன்சாகர் உறவு உடைந்துவிடும். வெறும் கணக்குச் சரிக்கட்டல் இல்லை அது. உள்ளேயே சுற்றிவரும் மின்னோட்டம் நம் கம்பிகளுக்கு வருவதே இல்லை.

மார்ச் 11
அப்பா போன் எடுக்கவில்லை.

மார்ச் 12
கிடைத்துவிட்டது! புலத்தைக் கூட்டக் கூட்ட சிக்னல் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. சூடு மாறுநிலையை நெருங்க நெருங்க உச்சம் சிறிய புலத்துக்கு வருகிறது. தாண்டியதும் மறுபடி பெரிய புலத்துக்கு நகர்கிறது. ஜோடிகள் எவ்வளவு தூரம் ஒத்திசைந்திருக்கும் என்பதைச் சொல்லும் ஒத்திசைவு நீளம் மாறுநிலையில் எல்லையின்றி வளர்ந்து, விலக விலகக் குறுகும். புலம் கூடக் கூடக் குறுகும் புலத்துக்குரிய நீளம் அதோடு சமமாகும் இடத்தில்தான் உச்சம். சாதாரண எலெக்ட்ரானுக்கு இந்த நீளமே கிடையாது. ஆளில்லாத அறையில் சத்தமாகச் சொன்னேன்: ஜோடிகள்தான்.

அப்பா பேசினார். ஆபரேஷனாம்.

மார்ச் 13
ஃபிரிட்ஜ் நாளை அடுத்த குழுவுக்கு. 2.6 கெல்வினில் உச்சம் இன்னும் தெரிகிறது. ஹீட்டரைக் குறைத்து இன்னொரு முறை ஓட்டச் சொல்லி லேப் அக்காவிடம் நோட்டைக் கொடுத்தேன். இரவு ரயில்.