லே நகரில் ஒரு பற்று வரவு

நவம்பர் கடைசி வாரத்தில் டெல்லியிலிருந்து அதிகாலை விமானம் ஏறி லேயில் இறங்கியபோது எனக்கு 63 வயது, என் மனைவிக்கு 60. நான் தரங்கம்பாடிப் பக்கத்தில் 34 ஆண்டுகள் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் ஒரு மிஷன் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லேயில் உள்ள ஒரு சிறிய சபையார், குளிர்காலத்தில் மூன்று மாதம் வந்து ஊழியம் செய்ய இயலுமா என்று எங்கள் போதகர் வழியாகக் கேட்டிருந்தார்கள். ஊழியம் என்றதும் பிரசங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை லடாக்கில் பள்ளிகளுக்கு விடுமுறை. வெளியூர் ஆசிரியர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். வசதியுள்ள உள்ளூர்க் குடும்பங்களும் ஜம்முவுக்கோ டெல்லிக்கோ இறங்கிவிடும். போக வழியில்லாத பிள்ளைகளும் போக விரும்பாத முதியவர்களும் ஊரில் மிஞ்சுவார்கள். பிள்ளைகளுக்குக் கணிதமும் முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரையை நினைவூட்ட ஓர் ஆளும் தேவை என்பதே அழைப்பின் சாரம்.

நான் எங்கே போனாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோவேன். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. அந்த மூன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு எடுத்தோம், எத்தனை வீடுகளைச் சந்தித்தோம் என்று எழுதி, திரும்பி வந்தபின் சபையில் அறிக்கை வாசிக்கலாம் என்பது திட்டம். நோட்டின் வலப்பக்கம் மட்டும் நிரம்பும் என்று நம்பிப் போனவன் நான்.

எங்களை ஏற்றுக்கொண்ட வீட்டில் நான்கு பேர்: கோடையில் டாக்ஸி ஓட்டி, குளிர்காலத்தில் வேலையின்றி இருக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரர், சபையைச் சேர்ந்த அவருடைய மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், பௌத்தரான அவருடைய தாயார். ஒரே வீட்டில் இரண்டு சமயங்கள் இருப்பது லேயில் யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. அந்த அம்மையாரை எல்லோரையும் போல நாங்களும் 'ஆபிலே' என்று அழைத்தோம். ஆபி என்றால் பாட்டி. 'லே' என்பது மரியாதைக்குச் சேர்ப்பது, நம் 'ங்க' போல. என்னை அவர்கள் 'சர்லே' ஆக்கினார்கள். 'ஜூலே' என்ற ஒரே சொல் அங்கே வணக்கமாகவும் நன்றியாகவும் விடைபெறுதலாகவும் நடமாடுகிறது. இளம் வயதில் பிரசார சபாவின் பிராத்மிக் தேர்வோடு இந்தியை நிறுத்திக்கொண்ட எனக்கு, முதல் வாரத்தில் அந்த ஒரு சொல்தான் கைகொடுத்தது.

வந்த மறுநாள் காலையிலேயே என் மனைவி, நம்மூர் வழக்கப்படி, அடுப்பருகே இருந்த இரண்டு கேன் தண்ணீரையும் சுட வைத்துக் குளித்து, பயணத் துணிகளையும் அலசிப் போட்டார். ஒரு கேன் 20 லிட்டர். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மட்டும் கால்சட்டைமேல் ஒரு கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு, காலிக் கேன்களோடு வெளியே போய் வெகுநேரம் கழித்துத் திரும்பினார். அவருடைய கையுறையில் தெறித்திருந்த நீர், கதவுக்குள் வருவதற்குள் உறைந்து பொருக்குத் தட்டியிருந்தது. குளிர்காலத்தில் அங்கே குழாய்களில் நீர் விடுவதில்லை. விட்டால் உறைந்து குழாய் வெடித்துவிடும். தெருமுனைக் கைப்பம்பிலிருந்து சுமந்து வருவதே ஆறு பேருக்கும் குடிக்க, சமைக்க, கழுவ. நாளொன்றுக்கு 80 லிட்டரில் நடந்த குடும்பத்தில் அரை நாள் தண்ணீரை நாங்கள் ஒரே குளியலில் கவிழ்த்திருந்தோம். இது மூன்றாம் நாள் அந்தப் பெண்பிள்ளை கணக்குப் பாடத்தின் நடுவே பேச்சுவாக்கில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. கொடியில் போட்ட துணிகளோ அட்டை போல விறைத்துத் தொங்கின. என் வேட்டியைத் தட்டினால் தகரம் போல ஓசை வந்தது.

இரண்டாவது பற்று என்னுடைய அசட்டுத் துணிச்சலால் ஏற்பட்டது. லே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் முதல் இரண்டு நாளாவது படுத்தே கிடக்க வேண்டும். என் மனைவி இதைச் செவிலியர் குரலில் பலமுறை சொன்னார். இரண்டாம் நாள் மாலை நான் வகுப்பறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேட்டில் ஏறினேன். அன்று நள்ளிரவில் தலை பிளந்தது, வாந்தி வந்தது, மூச்சு அடைத்தது. "வார்டுல பேஷண்டுங்ககூட நான் சொன்னா கேட்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி வீட்டுக்காரரை எழுப்பப் போனார். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் டீசல் வண்டி கிளம்பவில்லை. அவர் மறுநாளைக்கு வைத்திருந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, கெட்டில் கெட்டிலாக எடுத்துப்போய் டீசல் ஃபில்டர்மேல் ஊற்றினார். எஞ்சினின் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் ஒரு தகரத்தில் கங்கு வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து வண்டி இருமிக்கொண்டு உயிர்பெற்றது. மருத்துவமனையில் ஓர் இரவு ஆக்சிஜன் வைத்ததும் சரியாகிவிட்டது. விடிந்து வீடு திரும்பியபோது தண்ணீர் கேன்கள் காலியாக இருந்ததையும் வீட்டுக்காரர் தூங்காத கண்களோடு அவற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதையும் பார்த்தேன். நோட்டின் இடப்பக்கத்தில் முதல்முறையாக எழுதத் தொடங்கியது அன்றுதான்.

குளிர்காலத்தில் ஒரு புதிய ஊருக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோடையில் விருந்தாளி வந்தால் வயலிலிருந்து ஒரு கீரைக்கட்டு கூடுதலாக வரும். குளிர்காலத்திலோ அங்கே எதுவும் புதிதாக வருவதில்லை. எல்லாம் கோடையில் எண்ணிச் சேர்த்து வைத்தது. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி மண் மூடிப் புதைத்த உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் காரட்டும், காயவைத்த கீரை, பாதாமிப் பழ (ஏப்ரிகாட்) வற்றல், அடுக்கிய வில்லோ விறகு, காய்ந்த சாண எரு ஆகிய அனைத்துக்கும் நான்கு பேருக்கான கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நாங்கள் சென்று அந்த வகுத்தலின் கீழ் எண்ணை ஆறாக மாற்றினோம். நாங்கள் கொடுத்த பணத்தை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஜனவரியில் பணத்தைக் கொண்டு குழிக்குள் இருக்கும் முள்ளங்கியைப் பெருக்க முடியாது.

ஆகவே எங்கள் முதல் வேலை, செலவைக் குறைக்கக் கற்பது. குளியல் வாரத்துக்கு ஒன்றாயிற்று. சமையலறை அடுப்புச் சூட்டிலேயே எல்லோரும் உட்கார்ந்து, படித்து, பேசித் தூங்கும் வழக்கத்துக்குப் பழகினோம். எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த அறையின் புகாரியை மூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். (சென்னைக்காரர்களுக்குப் புகாரி என்றால் பிரியாணி, அங்கே அது விறகு போட்டு எரிக்கும் இரும்புக் கணப்பு.) அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பாத்திரத்தில் வைத்த அரிசி வெந்தும் வேகாமல் நடுவில் குருணையாக நிற்கும், குக்கர் இல்லாமல் சோறில்லை. என் மனைவி இட்லிமாவைக் கணப்பின் அருகே கம்பளி சுற்றி இரண்டு நாள் வைத்துப் புளிக்க வைத்தார். ஆபிலே ஓர் இட்லியை வெண்ணெய்த் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, இது வேகாத ரொட்டி என்று தீர்ப்புச் சொன்னார். தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் மூன்று மாதமும் கல்லாகவே இருந்தது.

பிறகே வரவுப் பக்கம் மெல்ல நிரம்பத் தொடங்கியது. வகுப்புக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். பேனா மை உறைந்து எழுதாது. அக்குளில் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றிய பிறகே தேற்றம் எழுதுவார்கள். திரிகோணமிதியில், தென்னை மரத்தின் உச்சியை 30 பாகை ஏற்றக் கோணத்தில் காணும் மனிதனைப் பற்றி நான் வழக்கமாகச் சொல்லும் கணக்கைத் தொடங்கினேன். அவர்களில் ஒருவரும் தென்னையைப் பார்த்ததில்லை. சன்னலைத் திறந்தால் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒன்பது மாடி லே அரண்மனை, ஊருக்கு மேலே பாறைமேட்டில் நிற்கிறது. ஒரு பாகைமானியில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டு, தெருவில் ஓரிடத்திலும் அதிலிருந்து 50 மீட்டர் பின்வாங்கி இன்னோரிடத்திலும் நின்று கோணம் எடுத்தோம். அரண்மனையின் உச்சி தெருவிலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்குப் பதினோரு விடைகள் வந்தன. ஏன் பதினொன்று என்று விவாதித்ததில்தான் அன்றைய பாடம் இருந்தது. 34 ஆண்டுகளாகத் தென்னை மரத்தை வைத்தே ஓட்டிவிட்டேனே என்று எனக்குச் சற்றே வெட்கம்.

என் மனைவியின் வேலை என்னுடையதைவிட நுட்பமானது. உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த தேநீரை முதியவர்கள் நாளெல்லாம் குடிக்கிறார்கள். கிண்ணம் காலியாக விடமாட்டார்கள், ஒரு வாய் குடித்தால் உடனே நிரப்பப்படும். ஆபிலேயின் இரத்த அழுத்தம் 170க்கு மேல் இருந்தது. வீட்டில் மாத்திரை இருந்தது. தலை வலிக்கிற அன்று மட்டும் போட்டுக்கொள்வார். தேநீரை நிறுத்தச் சொல்லும் தவற்றை என் மனைவி செய்யவில்லை. ஆபிலே விடியற்காலையில் தவறாமல் ஒன்றைச் செய்வதைக் கவனித்தார்: துணிப்பையிலிருந்து ஜபமாலையை எடுத்து உருட்டுவது. அந்தப் பைக்குள் ஒவ்வொரு இரவும் ஒரு மாத்திரையைப் போட்டு வைத்தார். மாலையை எடுக்கக் கை விட்டால் மாத்திரை தட்டுப்படும். இரண்டு மாதத்தில் அழுத்தம் இறங்கியது. அதன்பின் அண்டை வீடுகளிலும் இதே உத்தி பரவியது. சபையைச் சேர்ந்த மூதாட்டிகளுக்கு வேதாகம உறை, பௌத்தர்களுக்கு ஜபமாலைப் பை, ஒரு முஸ்லிம் பெரியவருக்குத் தொழுகை விரிப்பின் மடிப்பு.

டிசம்பரில் பௌத்தர்களின் விளக்குத் திருநாளான கால்டன் நம்சோட் வந்தது. அன்றிரவு ஆபிலேயுடன் மாடியில் நெய்விளக்கு வரிசை வைத்தோம்; ஊர் முழுவதும் கூரைகளில் சுடர்கள் நின்றபோது எனக்குத் திருக்கார்த்திகை நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் மனைவி தமிழ்க் கீர்த்தனை ஒன்று பாட எழுந்தார். அனுபல்லவிக்குள் மூச்சு வாங்கிவிட்டது, மீதியைச் சிரித்தே முடித்தார்.

லேயில் எனக்கு எதிர்பாராமல் ஓர் உறவுக்காரர் கிடைத்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த புராட்டஸ்டண்ட் பிரிவினரான மொரேவியன் சபையார் 1885இல் அங்கே பணித்தளம் தொடங்கி, பிறகு பள்ளியும் வைத்தார்கள். அவர்களில் 1896இல் வந்து, லடாக்கி மொழியையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து, 1904இல் அம்மொழியில் ஒரு செய்தித்தாளும் நடத்தியவர் பெயர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. தரங்கம்பாடிக்காரனுக்கு இந்தப் பெயர் தூக்கிவாரிப் போடும். மிஷனரி சீகன்பால்கு 1706இல் எங்கள் கரையில் இறங்கக் காரணமாயிருந்த, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கேயின் பெயரும் அதுவே. இருவருக்கும் இடையே இருநூறு ஆண்டு. போதாததற்கு, 1760இல் இதே மொரேவியன் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கு அருகிலும் ஒரு தோட்டம் அமைத்துத் தங்கி, நிக்கோபாருக்குப் போய்க் காய்ச்சலில் பலர் மாண்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் பனி கணுக்கால் உயரம் கிடந்தது. 1891இல் ஒரே ஆண்டில் டைபஸ் காய்ச்சலுக்குப் பலியான ரெட்ஸ்லோப் என்ற போதகரும், கார்ல் மார்க்ஸ் என்ற மருத்துவரும் (ஆம், அதே பெயர், ஆள் வேறு) அந்த ஊரில் உழைத்தவர்கள். அவர்கள் திரும்பும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரவில்லை. என் பையில் பிப்ரவரி 26ஆம் தேதிக்கான டிக்கெட் இருந்தது. என் மனைவி கையுறையால் ஒரு சிறு குழந்தையின் கல்லறைமேல் இருந்த பனியைத் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முன்னே நடந்தார்.

புறப்படுவதற்கு முந்தின இரவு, கணப்பருகே உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். வகுப்புகள் 140 மணி நேரம், வீட்டுச் சந்திப்புகள் 96. எதிர்ப்பக்கம், எங்கள் பங்குக்குச் செலவான தண்ணீர் ஏறத்தாழ 2,000 லிட்டர், விறகு, எரு, உருளைக்கிழங்கு, ஓர் இரவுத் தூக்கம். எத்தனை மணி நேரக் கணிதம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஈடு என்று தெரியாமல் பென்சிலை வைத்துக்கொண்டு விழித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். மகள் லடாக்கியில் மொழிபெயர்த்தாள். அவர் நிதானமாக இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டு, ஒரு வரவு விட்டுப்போயிருக்கிறது என்றார்.

லடாக்கி வீடுகளில் கழிவறை தண்ணீரில்லாதது. மாடியறையில் ஒரு துளை; போனபின் ஒரு மண்வெட்டி மண்ணும் சாம்பலும் தள்ளிவிட வேண்டும். கீழறையில் குளிர்காலம் முழுவதும் சேர்வது வசந்தத்தில் எருவாக வயலுக்குப் போகும்.

"ஆறு பேருக்கு மூன்று மாதம், சர்லே. இந்த வருஷம் பார்லி வயலுக்கு எரு பற்றாமல் போகாது" என்றார். ஆபிலே வாய்விட்டுச் சிரித்து என் கிண்ணத்தை மறுபடி நிரப்பினார். என் மனைவி நோட்டை வாங்கி, வரவுப் பக்கத்தின் கடைசி வரியாக அதையும் எழுதினார். சபையில் அறிக்கை வாசித்தபோது அந்த வரியை மட்டும் நான் விட்டுவிட்டேன்.