தையல் மிஷின் கம்பெனி செய்த துப்பாக்கிக்கு மூன்றரைக் கோடி: பெட்ஃபோர்டு சென்று வந்த கதை

அமெரிக்காவின் டல்லாஸ் பக்கம் வருகிறவர்கள், பழைய துப்பாக்கிகளை ஏலம் விடும் பெட்ஃபோர்டுக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்பதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பத்துக் கிலோமீட்டர் சொச்சத்துக்கு 38 டாலர் வாங்கிக்கொண்ட வாடகைக் கார்க்காரர் மீதுள்ள எரிச்சல் இன்னும் அடங்காததால், அங்கிருந்தே தொடங்குகிறேன். சென்டர்போர்ட் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது கைபேசிச் செயலி 14 டாலர் என்று காட்டியது. நான் யோசித்து நின்ற ஐந்து நிமிடங்களில் அது 38 ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "இன்று அங்கே துப்பாக்கி பார்க்கப் போகிறவர்கள் அதிகம், அதனால் விலையும் அதிகம்" என்றார் ஓட்டுநர். ஏலம் எப்படி நடக்கிறது என்பதை ஏலக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே கற்றுக்கொண்டேன் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

நான் போன இடம் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தின் கூடம். இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் நகரத்தில் நெடுங்காலமாக இருக்கும் இந்த நிறுவனம், 2023-இல் டெக்சஸிலும் கூடம் திறந்தது. ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் பொருள்களைக் கையில் எடுத்தே பார்க்கலாம் என்று பக்கத்து ஊரான இர்விங்கில் இருக்கும் அத்தான் சொன்னார். எனக்குத் துப்பாக்கி மீது ஆசை எதுவும் கிடையாது. சுற்றுலா விசாவில் வந்தவனுக்கு அதை விற்கவும் மாட்டார்கள். இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பதற்காகவே கிளம்பினேன்.

உள்ளே நீள நீளமான மேசைகள், மேசைக்கு மேசை துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண் சீட்டு. ஊழியர் ஒருவர் துணி விரித்து, குண்டு இல்லை என்பதைத் திறந்து காட்டிவிட்டு, இரண்டாம் உலகப் போர்க்கால எம்1911ஏ1 கைத்துப்பாக்கி ஒன்றை என் கையில் கொடுத்தார். ஒரு கிலோவுக்கு மேல் எடை. கைப்பிடி பழுப்பு நிற பிளாஸ்டிக். பக்கவாட்டு இரும்பில் ரெமிங்டன் ராண்ட் என்று பொறித்திருந்தது. டைப்ரைட்டர் செய்த அதே ரெமிங்டன் ராண்ட்தான். போர் முடிவதற்குள் எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியதால், இன்றும் அவை சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கின்றன.

என் பக்கத்தில் சட்டைப் பையில் பூதக்கண்ணாடியும் சிறு விளக்கும் வைத்திருந்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "இதே துப்பாக்கி, இதே அளவு, இதே குண்டு. பொறித்திருக்கும் பெயர் மட்டும் மாறியிருந்தால் என்ன விலை போகும், தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் சொன்ன பெயரைக் கேட்டுச் சிரித்தேவிட்டேன். சிங்கர்! எங்கள் வீட்டுத் திண்ணையில் கறுப்பு உடம்பும் பொன்னெழுத்துமாக நின்றுகொண்டு, அம்மா வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டால்தான் ஓடுவேன் என்று அடம் பிடித்த அதே சிங்கர்.

நடந்தது இதுதான். போர் வந்தால் சாதாரணத் தொழிற்சாலைகளும் ஆயுதம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், பழகிப் பார்ப்பதற்கென்றே சில நிறுவனங்களுக்கு அமெரிக்க இராணுவம் சிறு அளவில் வேலை கொடுத்தது. அந்த வகையில் 1940-இல் சிங்கருக்கு 500 கைத்துப்பாக்கிகள் செய்யும் ஆணை கிடைத்தது. நியூ ஜெர்சியின் எலிசபெத் நகர ஆலையில் எஸ்800001 முதல் எஸ்800500 வரை எண்ணிட்டுச் செய்து கொடுத்தார்கள். அதன் பிறகு விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணக்கிடும் கருவிகள் போன்ற நுட்ப வேலைகளுக்குச் சிங்கரைத் திருப்பிவிட்டதால், ஐந்நூற்று ஒன்றாவது துப்பாக்கி பிறக்கவே இல்லை. அந்த ஐந்நூறும் பத்திரமாகப் பெட்டியில் இருந்தவை அல்ல, போருக்குப் போனவை. பிழைத்து வந்தவற்றில் முதலாம் எண் கொண்டது 2017 டிசம்பரில் இதே ராக் ஐலண்ட் நிறுவனத்தின் ஏலத்தில் 4,14,000 டாலருக்குப் போனது. இன்றைய கணக்கில் மூன்றரைக் கோடி ரூபாய்க்குக் குறையாது. என் 38 டாலரை வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டேன்: பத்தாயிரம் தடவைக்கும் மேல் அந்த ஓட்டுநரிடம் ஏமாறலாம்.

இவ்வளவு விலை வந்தால் போலியும் வரும் அல்லவா? வேறு துப்பாக்கியின் பெயரைத் தேய்த்துவிட்டுச் சிங்கர் என்று பொறித்து விற்கிறார்களாம். பூதக்கண்ணாடி அதற்குத்தான். பளபளப்பாக இருக்கட்டும் என்று யாராவது பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாக நீல நிறப் பூச்சு ஏற்றியிருந்தால், விலை அங்கேயே விழுந்துவிடும் என்றார் பெரியவர். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டு விளக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

விலை ஏறிக்கொண்டே போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1907-இல் அமெரிக்க இராணுவச் சோதனைக்காக ஜெர்மனியிலிருந்து வந்த பாயின்ட் 45 (குழல் விட்டம் 0.45 அங்குலம்) லூகர் கைத்துப்பாக்கி, ஒரு காலத்தில் பத்து லட்சம் டாலருக்குக் கைமாறி 'மில்லியன் டாலர் லூகர்' என்றே பெயர் வாங்கியது. 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது அது போன விலை 4,94,500 டாலர், பாதிகூட இல்லை. மறுபக்கம், 1847-இல் மெக்சிகோப் போருக்காக இராணுவத்துக்கு ஆயிரமும் வெளிச் சந்தைக்கு நூறுமாகச் செய்யப்பட்ட கோல்ட் (Colt) நிறுவனத்தின் வாக்கர் சுழல்துப்பாக்கி இருக்கிறது. அந்த நூறில் ஒன்றை டென்மார்க்கின் கப்பல் தலைவர் ஒருவர் வாங்கியிருந்தார். அசல் பெட்டியோடு இருப்பதாக அறியப்பட்ட ஒரே வாக்கர் அது என்பதால், 2018-இல் 18,40,000 டாலருக்குப் போனது. சண்டைக்குப் போனதைவிடப் பெட்டியில் கிடந்ததற்கு மதிப்பு! வெளிப்படையாகச் சொன்னால் இது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது. பெரியவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

வெளியே வாகன நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்து, அக்கா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தையும் மாவடுவையும் சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு அதுதான், செலவும் இல்லை. அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டுச் சிங்கர் கதையைச் சொன்னேன். நம்ம மிஷின் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "பழைய பேப்பர்காரனிடம் போட்டு எட்டு வருஷம் ஆச்சுடா, கிலோ கணக்கில்தான் எடுத்தான்" என்றார்.

வழி விவரம் சொல்வதாக இருந்தேன் அல்லவா? டல்லாஸ் யூனியன் நிலையத்திலிருந்து டிஆர்இ (டிரினிட்டி ரயில்வே எக்ஸ்பிரஸ்) ரயிலில் சென்டர்போர்ட் வரை வரலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த ரயில் ஓடாது. அங்கிருந்து வாடகைக் கார் தவிர எனக்கு வேறு வழி அகப்படவில்லை, ஆகவே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். செயலி 14 டாலர் காட்டினால், யோசிக்காமல் உடனே பதிவு செய்துவிடுங்கள்.