வீட்லயே மாண்டிசோரி: ஒரு வருஷத்துக்கு நாங்க பிளான் போட்ட கதை

எங்க வீட்ல ரெண்டு வாண்டுங்க. போன ஜூன்ல ஆரம்பிக்கறப்ப பெரியவளுக்கு அஞ்சு முடிஞ்சு சில மாசம், சின்னவனுக்கு மூணு. கோயம்புத்தூர்ல வாடகை வீடு, ஹால் ஒண்ணு, பெட்ரூம் ரெண்டு, கூடவே அத்தை, அதாவது என் மாமியார். ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே மாண்டிசோரி முறையில, அதாவது பிள்ளைங்க சாமானத் தொட்டுத் தொட்டுத் தானாப் பழகிக் கத்துக்கற முறையில பாத்துக்கலாம்னு நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவு பண்ணினதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "ஏங்கண்ணு, டீச்சரே இல்லாம எப்பிடி?" ரெண்டாவது கேள்வி, "போலீஸ் புடிக்காதா?"

ரெண்டாவதுக்கு மொதல்ல பதில் தேடினேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும்தான் பேசுது. பிள்ளைய ஸ்கூல்ல சேக்கறது பெத்தவங்க கடமைனு ஒரு பிரிவு இருக்கு, ஆனா சேக்கலைனா பெத்தவங்களுக்கு என்ன தண்டனைனு அதுல எதுவும் இல்ல, ஹோம்ஸ்கூலுக்குனு தனியா ஒரு அனுமதியும் இல்ல. எனக்கு நிம்மதி குடுத்தது அதே சட்டத்துல 4ஆம் பிரிவு: ஸ்கூலுக்கே போகாத பிள்ளையா இருந்தாலும் பின்னால சேக்கறப்ப வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும். அப்புறம் என்ஐஓஎஸ், அதாவது ஸ்கூலுக்குப் போகாமலே பரீட்சை எழுதற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு, அதுல ஏ லெவல் மூணாவதுக்கு, பி லெவல் அஞ்சாவதுக்கு, சி லெவல் எட்டாவதுக்குச் சமம், பத்தாவது எழுத 14 வயசு முடிஞ்சிருக்கணும். வழி அடைபடலைனு தெரிஞ்சதும் வீட்டுக்காரரும் கொஞ்சம் மூச்சு விட்டாரு.

அப்புறம் பிளான். நெட்ல கிடைக்கற ஹோம்ஸ்கூல் பிளானர் எல்லாம் வாரம் 1, வாரம் 2னு கட்டம் போட்டு வரும். அக்டோபர்ல உதிர்ந்த இலை, பூசணிக்காய்ல முகம், டிசம்பர்ல பனி மனுஷன். இங்க அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை, மொட்டை மாடியில துணி காயாது. அதையெல்லாம் மூடி வெச்சுட்டு நோட்டு எடுத்து உக்காந்தேன். மாண்டிசோரில 3 வயசுல இருந்து 6 வரைக்கும் ஒரே வட்டம், மூணு வருஷத்துக்கும் சேத்துதான் பாடம் அடுக்கியிருக்கும், அதனால ஒரு வருஷத்துக்குனு தனியா வெட்டி எடுத்தா அர்த்தமே வராது. நான் பண்ணினது, மூணு வருஷத்துக்கான வரிசையையும் மொதல்ல எழுதிட்டு (கை வேலை, புலன், மொழி, கணக்கு, உலகம்னு அஞ்சு பக்கம்) அதுல பெரியவ எங்க நிக்கிறா, சின்னவன் எங்க நிக்கிறான்னு பென்சில்ல குறிச்சேன், அவ்ளோதான் பிளான். தேதியே போடல. எது முடிஞ்சா எதுங்கற வரிசை மட்டும். ஹோம்ஸ்கூல் பண்றவங்க பாதிப் பேர் ஆகஸ்ட்லயே சோந்து போறது இந்தத் தேதியாலதான்னு என் அபிப்பிராயம், பிள்ளைக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்தாலே "பின்தங்கிட்டோம்"னு ஆயிடுது, யாருக்குப் பின்னால?

குறிக்கறதுக்கு ஒரு பழைய மாண்டிசோரி வழக்கம் இருக்கு, ரொம்ப உபயோகம். ஒரு பாடம் காட்டினா ஒரு சாய்கோடு. அத எடுத்துப் பழகிட்டிருந்தா இன்னொரு கோடு, கூரை மாதிரி. தானா தப்பில்லாம பண்ணினா அடியில கோடு போட்டு முக்கோணமா மூடிடணும். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம். மறுநாள் என்ன காட்டணும்னு அந்தத் தாளப் பாத்தாலே தெரியும், ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு புதுசு.

நேரம்னு பாத்தா காலையில டிபன் முடிஞ்சு ஒம்பதுல இருந்து பதினொன்றரை வரைக்கும், இடையில யாரும் கூப்பிடக் கூடாது. மாண்டிசோரி ஸ்கூல்ல மூணு மணி நேரம் விடுவாங்க, எங்க வீட்ல காய்கறி வண்டியும் கொரியரும் சேந்து அதுல அரை மணிய எடுத்துக்குச்சு. மத்தியானம் தூக்கம், சாயந்தரம் பார்க், அங்க பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க வரும், "பழக்கவழக்கம் வராதே"ன்னு கேக்கற சொந்தக்காரங்களுக்கு அதான் பதில்.

ஷெல்ஃப்ல ஒரு நேரத்துல ஏழெட்டு டிரேதான், ஒவ்வொண்ணுலயும் ஒரு பாடத்துக்கான சாமான். ஒரு வாரமா தொடாம கிடக்கறத எடுத்து உள்ள வெச்சிருவேன், ஒரு மாசம் கழிச்சு வெளிய வந்தா அதுக்கே அடிச்சுக்குவாங்க.

சாமான் செலவு பத்திச் சொல்லணும், ஏன்னா முழு செட்டா வாங்கினா எங்க வீட்டு வாடகையெல்லாம் ஒண்ணுமே இல்லங்கற அளவுக்குப் போகும். பிங்க் டவர், அதாவது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கற கனசதுரக் கட்டை, அத மட்டும் வாங்கிடுங்க, ஆசாரிகிட்ட குடுக்காதீங்க. பத்து கட்டை, 1 சென்டிமீட்டர்ல இருந்து 10 வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். மூலைய மூலையோட சேத்து அடுக்கினா வர்ற படியில அந்தக் கடைசிப் பொடிக் கட்டை சரியா உக்காரும், பிள்ளைங்க அத ஒவ்வொரு படியிலயும் வெச்சுப் பாத்துட்டே எறங்கும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அந்த விளையாட்டு போச்சு. ஆனா நம்பர் ராடு, அதாவது எண்ணிப் பழகற நீளக் கட்டை, ஆசாரி வேலைதான். ஒரு இன்ச் ரீப்பர்ல 10 சென்டிமீட்டர், 20, 30னு ஒரு மீட்டர் வரைக்கும் பத்து துண்டு, மொத்தம் 550 சென்டிமீட்டர், 18 அடிக்கு அரை இன்ச் கூட, அறுக்கற சேதாரத்தோட 20 அடி எடுத்தா போதும். பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு செவப்பு, நீலம்னு மாத்தி மாத்தி எனாமல் பெயின்ட். முழுசும் செவப்பா இதே நீளத்துல இன்னொரு செட் உண்டு, நீளம் பழகறதுக்கு, அத நாங்க விட்டுட்டோம், வாடகை வீட்ல ஒரு மீட்டர் கட்டைய எத்தனை இடத்துல சாத்தி வெக்கறது. தங்க மணி, அதாவது ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம்னு வர்ற பாசி மணி, அத வாங்கினோம். ஆயிரம் மணி சேந்த கனசதுரத்தக் கையில வாங்கினப்ப பெரியவ "இவ்ளோ கனமா"ன்னா, ஒரு மணிய இன்னொரு கையில வெச்சுக்கிட்டே. சின்னவன் பக்கத்துல இருக்கறப்ப ஒத்த மணி டப்பா மேல் தட்டுலதான், மூக்குக்குள்ள போட்டுக்குவான்.

அளவைக்கு எதுவும் வாங்கல. அத்தையோட பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு பரண்ல இருந்துச்சு. ஒரு தாம்பாளத்துல ராகியக் கொட்டிக் குடுத்தா ஒரு படிக்கு ரெண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்குன்னு பெரியவ தானே அளந்து கண்டுபுடிச்சா, யாரும் சொல்லல. அன்னைல இருந்து அத்தைக்கும் இதுல ஒரு பிடிப்பு வந்துருச்சு. கை வேலைப் பகுதி முழுக்க அவங்க பொறுப்பு: முருங்கைக் கீரை உருவுறது, பூ கட்டறது, பருப்ப ஒரு சொம்புல இருந்து இன்னொரு சொம்புக்கு ஊத்தறது, அது சிந்தாம வந்தப்புறம் தண்ணி. கீரை உருவுற அந்த விரல் பிடி பின்னால பென்சில் பிடிக்கறதுக்கும் உதவும். ஒரே பிரச்சனை, சின்னவன் சட்டைப் பட்டனோட மல்லுக்கட்டறப்ப அத்தை கை தானா நீளும். "அத்தை, பத்து எண்ணுங்க"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். எண்ணுவாங்க, வேகமா.

நான் ரொம்ப நேரம் செலவழிச்சது தமிழ் எழுத்துக்குத்தான். விரலால தடவிப் பழகற எழுத்து அட்டை இங்கிலீஷுக்கு 26-ஓட முடிஞ்சுது, கடையிலயும் கிடைக்குது. தமிழுக்கு 247ன்னு ஆரம்பிச்சா பிள்ளை ஓடிடும். அ ஆ இ ஈ வரிசையத் தள்ளி வெச்சுட்டு ட, ப, ம, ர, ல, க, வ, இந்த ஏழோட ஆரம்பிச்சேன். ஹார்டுவேர் கடை உப்புத்தாள்ல, நைஸா இருக்கறது, பின்பக்கம் எழுத்தத் திருப்பி வரைஞ்சு பிளேடால வெட்டி (கத்திரி மொண்ணையாயிடும்) அட்டையில ஃபெவிகால் போட்டு ஒட்டணும். விரலால தடவிட்டே ஓசைய சொல்லணும். புள்ளிய மட்டும் தனியா வட்டமா வெட்டி வெச்சேன். இந்த ஏழு எழுத்தும் புள்ளியும் இருந்தா படம், மரம், பல், கல், கடல், வட்டம், பட்டம் எல்லாம் தரையில அடுக்கலாம், கூட அ-வும் ள-வும் சேத்தா அப்பளம். அந்த வார்த்தை அடுக்கின அன்னைக்கு மத்தியானம் அப்பளம் பொரிச்சே ஆகணும்னு ஆயிருச்சு.

அடுத்து துணைக்கால், கொம்பு, ரெட்டைக் கொம்பு, இதெல்லாம் தனித்தனி துண்டா பக்கத்துல வெக்கலாம், கஷ்டமில்ல. இகரக் கொக்கிய டிரான்ஸ்பரன்ட் ஷீட்ல வரைஞ்சு எழுத்து மேல வெச்சோம், டி மட்டும் கொஞ்சம் இடிக்கும். மாட்டிக்கறது உகரத்துலதான். கு, மு மாதிரி வளையறது ஒரு கூட்டம், பு, சு மாதிரி கீழ எறங்கறது ஒரு கூட்டம், து, நு, லு மாதிரி பக்கத்துல கால் போட்டு நிக்கறது இன்னொரு கூட்டம். துண்டு துண்டா சேக்க வழியே இல்ல, 36 அட்டையும் முழுசாத்தான் செய்யணும், அதனால அத வருஷக் கடைசிக்குத் தள்ளிட்டேன். அது வரைக்கும் பெரியவளுக்கு குரங்கும் பூனையும் எழுத முடியாது, அதனால என்ன.

இன்னொண்ணு, பிள்ளை காதுல விழறதத்தான் அடுக்கும். நாம "மழ", "தல"ன்னு பேசறோம், அவளும் மழ, தல-ன்னே அடுக்குனா. அந்த இடத்துல நான் திருத்தல, அது அவ காது சரியா வேலை செய்யுதுன்னு காட்டுது. ஐகாரம் வந்தப்ப மழை, தலை, வடைன்னு படத்தோட அட்டை வெச்சேன், படிச்சுப் படிச்சு அவளே மாத்திக்கிட்டா, சிலத இன்னும் மாத்தல.

உலகம் பகுதிக்குப் புத்தகத்த விட ஊர்தான். சிங்காநல்லூர் குளத்துல பறவை பாக்கறது, 1902ல ஆரம்பிச்ச காஸ் வன அருங்காட்சியகம், கொலுவுக்கு பொம்மைய உயர வரிசையில அடுக்கறது, மார்கழில புள்ளிக் கோலம். வருஷத்த நாலாப் பிரிச்சேன்: ஜூன்ல இருந்து ஆடி வரைக்கும், நவராத்திரி வரைக்கும், பொங்கல் வரைக்கும், அப்புறம் கோடை. ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் ஒரு வாரம் ஷெல்ஃப மூடிட்டு அந்த முக்கோணத் தாள எடுத்து வெச்சுப் பாத்துக்கறது. கணக்குல பெரியவ நான் நெனச்சத விட ரொம்ப முன்னால போயிட்டா, சின்னவன் பாதி வருஷம் தண்ணி ஊத்தறதுலயே இருந்தான், ரெண்டும் தாள்ல அப்படியேதான் இருக்கு.

இப்ப பெரியவளுக்கு ஆறு ஆயிருச்சு, அடுத்த வட்டம் 6ல இருந்து 12. அதுல அண்டம் எப்படி வந்துச்சு, உயிர், மனுஷன், எழுத்து, எண்ணுன்னு அஞ்சு பெரிய கதையில இருந்துதான் எல்லாப் பாடமும் கிளம்பும். இந்த முறைய உருவாக்கின மரியா மாண்டிசோரி அம்மா 1939ல அடையாறுக்கு வந்து, உலகப் போர்ல இத்தாலிக்காரங்கன்னு இங்கயே மாட்டி, கொடைக்கானல்ல இருந்தப்ப மகன் மரியோவோட சேந்து வளத்தெடுத்த யோசனைதான் இந்த வயசுக்கானது. அதுக்கு முன்னாடி உகர அட்டை இன்னும் பாதி வெட்டணும், உப்புத்தாள் தீந்து போச்சு, வீட்டுக்காரர் காந்திபுரம் போறப்ப ரெண்டு ஷீட் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.