கிளியர் லேக்கில் விண்வெளி வீரருக்கும் ஒரு பிளம்பர் வேண்டும்

ஹூஸ்டனுக்குத் தென்கிழக்கே, நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தை ஒட்டி கிளியர் லேக், எல் லாகோ, லீக் சிட்டி என்று வரிசையாகக் குடியிருப்புகள். விண்வெளி வீரர்கள் அப்பல்லோ காலத்திலிருந்தே வாழும் தெருக்கள் இவை. பியர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குக் காரில் எளிதாகப் போய்வரலாம் என்பதால் நம்மவர்களும் இந்தப் பக்கம் நிறையவே வீடு பார்க்கிறார்கள். கனடா, ஜப்பான், ஐரோப்பா விண்வெளி முகமைகளின் வீரர்கள் பயிற்சிக்காக இங்கே வந்து தங்குவார்கள். ஆக்சியம்-4 என்ற தனியார் விண்வெளிப் பயணத்துக்கு இஸ்ரோ தேர்ந்தெடுத்த சுபான்ஷு சுக்லாவும் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரும் 2024 ஆகஸ்டில் பயிற்சி தொடங்க அமெரிக்கா வந்ததும் இதே கணக்குத்தான். ஓட்டுநர் உரிமத்துக்கு வரிசையில் நிற்பதிலிருந்து மோட்டுவளையில் தண்ணீர் சொட்டினால் கையைப் பிசைவது வரை அவர்களும் நம்மைப் போலப் புதுக்குடித்தனக்காரர்களே.

ஒரு வித்தியாசம் உண்டு. விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினால் ஆறு மாதம் ஆள் இல்லை. அதற்கு முந்தைய பயிற்சிக் காலத்திலும் ஊர் ஊராகப் பயணம். புறப்படுவதற்கு முன் இரண்டு வாரம் தனிமைப்படுத்தல் வேறு. அந்த நாட்களில் வீட்டைத் தாங்குவது குடும்பமும், நம்பிக்கையான ஒரு பிளம்பரும்தான். அந்த நட்பு ஒட்டிக்கொள்வது தண்ணீர்ப் பேச்சில். குழாய், அழுத்தம், அடைப்பு மூன்றும் இருவருக்கும் அன்றாடத் தொழில்.

பிளம்பரைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் உரிமக் கணக்கைப் பார்க்கட்டும். டெக்சாஸில் வழக்கமான வழியில் போனால், 4,000 மணி நேரம் ஒருவரின் கீழ் வேலை பார்த்த பிறகுதான் 'டிரேட்ஸ்மேன்' தேர்வு எழுதலாம். அந்த உரிமமும் ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே செல்லும். 'ஜர்னிமேன்' ஆக 8,000 மணி. அதற்கும் மேலே 'மாஸ்டர்'. விமானம் ஓட்டிய அனுபவத்தில் விண்ணப்பிப்பவரிடம் நாசா கேட்பது தலைமை விமானியாக 1,000 மணி நேரம், அதில் பெரும்பகுதி ஜெட்டில்! பட்டப்படிப்பு தனி என்பது உண்மைதான். ஆனாலும் இந்த ஒப்பீட்டை இருவரும் ரசிப்பார்கள். பிளம்பிங் நிறுவனத்தின் வண்டிப் பக்கவாட்டில் பெயரும், 'எம்' என்று தொடங்கும் மாஸ்டர் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

நம்மவர்கள் முதலில் கோட்டை விடுவது அழுத்தத்தில். ஊரில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ஆறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் குழாயில் எட்டு ஒன்பது பிஎஸ்ஐதான் (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கும். இங்கே தொட்டி கிடையாது, தெருக்குழாயின் அழுத்தம் நேரே வீட்டுக்குள் வருகிறது. 40 முதல் 80 பிஎஸ்ஐ வரை இயல்பு. 80-க்கு மேல் போனால் அழுத்தக் குறைப்பு வால்வு போட வேண்டும் என்பது விதி. வெளிச்சுவரில் உள்ள தோட்டக் குழாயில் ஒரு சிறு அழுத்தமானியைத் திருகி, வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பார்த்தால் எண் தெரிந்துவிடும். இரவில் யாரும் தண்ணீர் பிடிக்காதபோது அழுத்தம் ஏறும். ஆகவே பகலில் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதை அறியாமல் செய்யும் வேலைதான் கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் மாட்டுவது. வேலை எளிது, டெக்சாஸில் சொந்த வீட்டில் குடியிருப்பவர் தானே செய்துகொள்ளச் சட்டத்திலும் தடையில்லை. கழிப்பறைத் தொட்டிக்குக் கீழே சுவரில் உள்ள சிறு வால்வை மூடுங்கள். ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள். அடியில் தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தொட்டியின் அடியில் மாட்டியிருக்கும் குழலைக் கையால் கழற்றி, தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் 7/8 அங்குல டி-வால்வை அங்கே திருகி, குழலை அதன் கீழேயும் ஃபாசெட்டின் குழலை அதன் பக்கவாட்டு வாயிலும் மாட்டுங்கள். அடைப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான், எனவே அந்த இணைப்பில் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டாம். கையால் இறுக்கியபின் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். தொட்டியடியில் இருக்கும் மரை பிளாஸ்டிக். ஸ்பானர் போட்டு முறுக்கினால் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்துத் தரை ஊறும்.

இங்கேதான் விண்வெளி வீரர் பிளம்பரின் கட்சிக்குப் போய்விடுவார். விண்நடையில் பயன்படும் துப்பாக்கிப்பிடித் திருகுகருவியில் எத்தனை சுற்று, எவ்வளவு முறுக்குவிசை என்பதை முன்பே அமைத்துக்கொள்வார்கள். சுற்று எண்ணிக்கையைத் தரைக்கட்டுப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வேலை செய்வார்கள். 'இன்னும் கொஞ்சம் இறுக்குவோமே' என்பது அவர்கள் அகராதியில் இல்லை. மரை இறங்கவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் காரணத்தைத் தேடுவார்கள். 2012 ஆகஸ்ட் இறுதியில் சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹோஷிடேவும் விண்வெளி நிலையத்தின் மின்பகிர்வுப் பெட்டியின் போல்ட் இறங்காமல் திணறினார்கள். பிறகு ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்துச் செய்த கருவியால் மரையைச் சுத்தம் செய்தபின்தான் அது உட்கார்ந்தது. இந்தக் கதையை ஒரு பிளம்பரிடம் சொன்னால் வியக்க மாட்டார். அவர் பையிலும் ஒரு பழைய டூத்பிரஷ் கிடக்கும்.

ஹெல்த் ஃபாசெட்டுக்குத் திரும்புவோம். மாட்டியபின் நம்மவர்கள் செய்யும் தவறு, டி-வால்வை எப்போதும் திறந்தே வைத்திருப்பது. கைப்பிடி விசை தண்ணீரை நிறுத்துவதுபோல் தோன்றும். ஆனால் அந்த மெல்லிய குழல் இரவு பகலாக 60 பிஎஸ்ஐயைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. வெடிப்பது பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில். ஒவ்வொரு முறையும் டி-வால்வை மூடிவிட்டு, விசையை ஒருமுறை அழுத்திக் குழலின் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். வருகிற விருந்தினருக்கும் சொல்லிவையுங்கள், அவர்கள்தான் மறப்பார்கள்.

சமையலறைத் தொட்டியடியில் இருக்கும் உணவுக்கழிவு அரைவை இயந்திரத்தை நம் கிரைண்டரின் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். சோறு குழாய்க்குள் ஊதிப் பசையாகும். தேங்காய் நார், வாழைத்தோல், முருங்கைச் சக்கை எல்லாம் சுழலும் பாகத்தில் சுற்றிக்கொள்ளும். நெய்யும் எண்ணெயும் வளைவுகளில் படிந்து உறையும். இயந்திரம் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்துவிட்டு, அடிப்பாகத்தின் நடுவிலுள்ள துளையில் கால் அங்குல அறுகோணச் சாவியை விட்டு இருபுறமும் திருப்புங்கள். தளர்ந்ததும் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். இதற்காகப் பிளம்பரை அழைத்தால் வருவார், சிரிப்பார், பில்லும் தருவார்.

அடைப்பு என்று பேச்செடுத்தால் விண்வெளி நிலையத்துக் கதை பெரிது. சிறுநீரைக் குடிநீராக்கும் கருவி 2008 நவம்பரில் மேலே போனது. அதன் காய்ச்சி வடிக்கும் பகுதி மறு ஆண்டே அடைத்துக்கொண்டது. எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கரையும் கால்சியம் சிறுநீரில் கூடுகிறது. கெடாமலிருக்கச் சேர்த்ததோ கந்தக அமிலம். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம். நம் ஷவர் தலையில் படியும் வெள்ளைப்படிவு கால்சியம் கார்பனேட் என்பதால், ஒரு பையில் வினிகர் ஊற்றி இரவு முழுக்கக் கட்டிவைத்தால் கரைந்துவிடும். ஜிப்சம் வினிகருக்கு மசியாது. சிறிது காலம் குறைவாகவே மீட்டெடுத்து ஓட்டினார்கள். பிறகு அமிலத்தையே மாற்றிப் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தார்கள். அடைப்பை இடிப்பதைவிட அடைப்பு உருவாகும் காரணத்தை எடுப்பது மேல் என்று பிளம்பரும் இதைத்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2021 பிப்ரவரிக் கடுங்குளிரை ஹூஸ்டனில் யாரும் மறக்கவில்லை. இங்கே வீடுகள் நேரே கான்கிரீட் தளத்தின் மீது நிற்பவை, பல வீடுகளில் குழாய்களும் வெந்நீர்த் தொட்டியும் கூரைக்கடியில் இருக்கின்றன. மின்சாரமும் போய்விட, கூரைக்கடிக் குழாய்கள் உறைந்தன. குழாய் உடைவது பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளுவதால் மட்டுமல்ல. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய தண்ணீரின் அழுத்தம் எகிறுவதுதான் முக்கியக் காரணம். அதனால்தான் வெந்நீர், தண்ணீர் இரண்டையும் மெல்லிதாக ஒழுகவிடச் சொல்கிறார்கள். உடைந்தது தெரிவதும் குளிரில் அல்ல, உருகும்போது. கூரைப்பலகை ஊறிப் படுக்கையில் விழும். அந்த வாரம் பிளம்பர் கிடைக்காமல் மாநிலமே தவித்தது. புது வீட்டுக்குப் போன முதல் நாளே முதன்மை வால்வு எங்கே என்று பார்த்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். வெளிச்சுவரில் இருக்கும், இல்லாவிட்டால் தெருவோர மீட்டர் பெட்டியில். பழைய சக்கர வால்வு இறுகியிருந்தால் வன்மையாகத் திருப்பாதீர்கள், தண்டு முறிந்துவிடும். கால் சுற்றில் மூடும் பந்து வால்வாக மாற்றிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

பிளம்பரோடு பழகும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே 'சார்' வேண்டாம், முதல் பெயர் போதும். குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு திருகுக்கும் காரணம் கேட்பது நம் பழக்கம், அது அவருக்குப் பிடிக்காது. வேலை முடிந்தபின் கேளுங்கள், அப்போது அரை மணி நேரம் நின்று சொல்லித்தருவார்.

கோடை விடுமுறைக்கு ஆறு வாரம் ஊருக்குப் போகிறவர்களும், ஆறு மாதம் மேலே போகிறவர்களும் பிளம்பரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பதிலும் ஒன்றுதான். வீட்டில் யாரும் தங்கவில்லை என்றால் முதன்மை வால்வை மூடி, கீழ்த்தளத்தில் ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். வெந்நீர்த் தொட்டியின் குமிழை 'வெக்கேஷன்' குறிக்குத் திருப்புங்கள். புழங்காத குளியலறை வடிகால்களில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை வாடை மேலேறிவிடும்.

பலரும் விட்டுவிடுவது ஏசி நீர்வடிகுழாய். ஹூஸ்டன் புழுக்கத்தில் அதற்குள் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். அதன் திறப்பில் ஒரு குவளை வினிகர் ஊற்றிவிட்டுப் போங்கள். விண்வெளி நிலையத்தில் காற்றிலிருந்து பிடிக்கும் இந்த ஈரத்தைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். இங்கே வடிகுழாய் அடைத்தால் அது கூரைக்கடித் தட்டில் நிரம்பி, ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது குழாய் வழியாகச் சொட்டும். அந்தக் குழாயை அங்கே வைத்ததே கண்ணில் படட்டும் என்றுதான். அது சொட்டினால் முதல் குழாய் அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டாரிடம் அந்த ஜன்னலைக் காட்டி, பிளம்பரின் எண்ணையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.