பள்ளிக்கூடத்துப் பேன்ட்

தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தே வேலூரில் என் காலம் ஓடிவிட்டது. திருப்பி அனுப்பியவர்களுக்குக் கணக்கில்லை. அந்த ஐந்து பையன்கள் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மேட்னி ஷோ. சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், பேன்ட் மட்டும் பள்ளிக்கூடத்துப் பேன்ட். முதல் டிக்கெட்டைக் கிழித்த பிறகுதான் கவனித்தேன்.

"ஏ படம்டா. 18 ஆகணும், கிளம்புங்க."

"இன்னாண்ணா, படத்துல வர்றவனும் பிளஸ் டூதானே படிக்கிறான்?"

"அவனுக்கு நெஜத்துல 25 வயசுடா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் குஷிதான். பையன் சிரிக்கவில்லை. கிழித்த பாதியையும் கிழிக்காத நாலு டிக்கெட்டையும் என் கையில் திணித்து, "நீயே பாருண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் செய்தது சரிதான். யுஏ படமென்றால் பெற்றவர்கள் பாடு. 2023 சட்டத் திருத்தத்தில் அதை 7, 13, 16 வயசு என்று மூன்றாகப் பிரித்தார்கள், அதுவும் பெற்றவர்களுக்குச் சொல்லும் யோசனைதான். ஏ அப்படியில்லை. 18 ஆகாதவருக்குக் காட்டவே கூடாது என்கிறது சட்டம். யார் கூட்டி வந்தாலும் அதே கதைதான்.

அதே படத்துக்கு அன்று ராத்திரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கூட ஒரு பெண், மிஞ்சினால் 14 இருக்கும். நான் தயங்கியதும், "நான்தான் கூட வர்றேனே" என்றார். கிழித்துக் கொடுத்துவிட்டேன். குடும்பத்தை ராத்திரியில் வாசலில் நிறுத்த வாய் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் சட்டை இஸ்திரி போட்டிருந்தது என்றும் சொல்லலாம்.

1981இல் ஒரே வருஷத்தில் 'அலைகள் ஓய்வதில்லை', 'பன்னீர் புஷ்பங்கள்' இரண்டும் வந்தன. இரண்டிலும் விடலைப் பருவத்துக் காதல். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இரண்டையும் பார்த்தேன். என் வயசை யாரும் கேட்கவில்லை. கெட்டா போனேன்? சரி, வீட்டில் கேட்டால் வேறு பதில் வரும்.

அந்த ஏ படம் மாறுவதற்கு முந்தின நாள், கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். வகுப்பறைக் காட்சி. முதல் பெஞ்சில் கதாநாயகன், யூனிஃபார்மில். முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். மழித்த தாடையில் பச்சை தெரிந்தது.