பழைய காரில் கூலண்ட் குறைகிறதா? எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் கார்களில், கூலண்ட் எனப்படும் எஞ்சின் குளிர்விப்புத் திரவத்தின் ரிசர்வ் டேங்க் அடிக்கடி வற்றினால், "வண்டிக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டியின் பின்பெட்டியில் ஒரு பாட்டில் தண்ணீர், வாரத்துக்கு ஒரு டாப் அப், அதோடு சரி. இது காரைக் கொல்லும் பழக்கம். கூலண்ட் ஓடுவது மூடிய பாதையில். கசிவு இல்லாத வண்டி எத்தனை வயதானாலும், குளிர்ந்த நிலையில் பார்த்தால் அளவு மாதக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு வழியாகப் போகிறது. அந்த வழி தெரியாமல் பாகத்தை மாற்றுவதும் வீண், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதும் வீண்.

பலமாடி கார்நிறுத்துமிடத்தில் வண்டிக்கடியில் ஈரம் தெரிந்தால் முதலில் ஏர்கான் தண்ணீரைக் கழித்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது தாராளமாகவே சொட்டும். பெரும்பாலும் பயணி பக்கம், எஞ்சின் பகுதிக்குப் பின்னால் விழும். நிறம் இல்லை, வாசம் இல்லை. கூலண்டை விரலில் தொட்டால் வழவழப்பாக இருக்கும், லேசான இனிப்பு வாசம் வரும், சிவப்போ பச்சையோ நீலமோ நிறம் தெரியும். ஆனால் தரையில் ஒன்றுமே இல்லை என்பதற்காகக் கசிவு இல்லை என்று எண்ண வேண்டாம். சூடான எஞ்சின்மேல் வழிவது அங்கேயே ஆவியாகிவிடும். மிஞ்சுவது காய்ந்த உப்புப் படிவம்தான். டார்ச்சை வைத்து அந்தப் படிவத்தைத் தேடி, அது தொடங்கும் மிக உயரமான இடத்தைப் பிடியுங்கள். கீழே தெரிவதெல்லாம் வழிந்து வந்தது.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலண்ட் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தாராளமாக அமுக்க முடிகிற வரை பொறுங்கள்.

அந்த மூடியையும் பாருங்கள். மேலே 0.9 அல்லது 1.1 என்று அழுத்த எண் இருக்கும். ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் ரிசர்வ் டேங்கை நிரப்பி வெளியே வழியும். நடுவில் இருக்கும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால், எஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலண்ட் திரும்பி வராது. காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருப்பது அதன் அடையாளம். மலிவான பாகம், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். ஆனால் 0.9 இருந்த இடத்தில் 1.1 போடாதீர்கள். பழைய பிளாஸ்டிக் டேங்க் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காது.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், பாகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். மூடி இருந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் உள்ள எண் வரை மட்டும் ஏற்ற வேண்டும். பதினைந்து நிமிடம் முள் அசையக்கூடாது. முள் இறங்கியும் வெளியே ஈரம் தெரியவில்லை என்றால் கசிவு உள்ளே இருக்கிறது. ஆறிய நிலையில் முள் நின்றால் அதோடு விடாமல், எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டுப் பம்பைப் பொருத்தி, இளஞ்சூட்டில் இன்னொரு முறை பாருங்கள். உலோகம் விரியும்போது மட்டும் திறக்கும் வெடிப்புகள் உண்டு.

பழைய ஜப்பானியக் கார்களில் அதிகம் போவது ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்க்தான். புதிதில் கருப்பாக இருந்தது சூட்டில் பழுப்பேறி, மயிரிழை வெடிப்பு விடும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் மடிப்பில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து இறுகிவிடும். அந்த மடிப்பு ஓரமாக வெளிறிய கோடு தெரிந்தால் ரேடியேட்டரை மாற்றுவதே சரி, ஒட்டுப்போடும் வேலை நிற்காது.

அடுத்து வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியே வெளியேறும். லேசான கறை பரவாயில்லை. துளையிலிருந்து கோடாக இறங்கிய படிவமோ, புல்லியை ஆட்டினால் ஆட்டமோ இருந்தால் பம்ப் முடிந்தது. டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். திராட்டில் பாடிக்கு (எஞ்சினுக்குள் காற்றை விடும் பாகம்) அடியில் போகும் விரல் தடிமன் ஹோஸ்களைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கிளாம்ப் அருகே அமுக்கிப் பாருங்கள். உப்பியிருந்தாலும் கல்லாக இறுகியிருந்தாலும் மாற்றுங்கள்.

வெளியே ஒன்றும் இல்லையென்றால் உள்ளே தேட வேண்டும். ஆயில் மூடியின் உட்புறமும் டிப்ஸ்டிக்கும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) தே தாரிக் நிறத்தில், அதாவது பால் தேநீர் போல இருந்தால் எஞ்சின் ஆயிலில் கூலண்ட் கலந்திருக்கிறது, அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பல ஆட்டோ கியர் கார்களில் கியர் ஆயில் ரேடியேட்டரின் கீழ் டேங்குக்குள் போய்த்தான் ஆறுகிறது. அந்தக் குழாய் அரித்தால் இரண்டும் கலந்து கியர்பாக்ஸ் பாழாகும். ரேடியேட்டர் விலையோடு ஒப்பிட முடியாத செலவு அது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகம் என்றால், ரேடியேட்டர் வாயில் நீல திரவக் குழாயை வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் பெட்ரோல் எஞ்சினில் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றினால் வளைவு பார்க்கும் நேர்விளிம்புக் கோலை வைத்து அளக்காமல் மாட்டவிடாதீர்கள். சிறிய ஜப்பானிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.05 மி.மீ. வளைவுதான் எல்லை.

சூடு முள்ளை மட்டும் நம்புவதும் ஆபத்து. கூலண்ட் மிகவும் இறங்கிவிட்டால் சென்சார் நீரில் இல்லாமல் ஆவியில் நிற்கும், உள்ளே கொதிக்கும்போதும் முள் இயல்பாகவே காட்டக்கூடும். ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஏர்கானோடு ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. விசிறியும் கூலண்டும்தான் துணை. சிறு கசிவு பெரிதாக வெடிப்பது அங்கேதான்.

கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்ற வேண்டாம். ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

ரேடியேட்டர் மாற்றும்போது மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), அதன் ரப்பர் வளையம் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். அலுமினியத்தில் ஏறும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 9 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். பலம் காட்டினால் மரை போய்விடும். தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு வால்வு இருந்தால், மேனுவல் வேறு சொல்லாதவரை அது மேலே பார்த்து இருக்க வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் தப்பும்.

நிரப்பும்போது ஒரு கணக்கு தவறிவிடும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், வடித்தால் 4 லிட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் விட்டு அலசியிருந்தால் எஞ்சின் பிளாக்கில் 2 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கும். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 4 லிட்டர் விட்டால் கிடைப்பது 33 சதவீதம்தான். 50 சதவீதம் வேண்டுமானால் 3 லிட்டர் கலக்காத கூலண்டும் 1 லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரும் விட வேண்டும். இங்கே உறைபனி இல்லையே, எதற்குக் கூலண்ட் என்று கேட்பார்கள். அரிப்பைத் தடுக்கவும் பம்ப் சீலைக் காக்கவும் கொதிநிலையை ஏற்றவும்தான். நிறத்தைப் பார்த்து வாங்காமல் தயாரிப்பாளர் சொல்லும் வகையை வாங்குங்கள். வகை மாறிக் கலந்தால் அரிப்புத் தடுப்பு கெடும், சில நேரம் கூழாகும்.

காற்றை வெளியேற்ற, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி குளிர்ந்த எஞ்சினை ஓடவிடுங்கள். ஹோஸை அவ்வப்போது அமுக்கி, குமிழி வரவர ஊற்றுங்கள். விசிறி இரண்டு முறை ஓடி நின்றபின் மூடுங்கள். வடித்த கூலண்டை எக்காரணம் கொண்டும் சாக்கடையில் விடக்கூடாது. மழைநீர் வடிகால்கள் நம் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். புளோக் அடியில் திரியும் பூனைக்குச் சிறிதளவே போதும். மூடிய கேனில் பிடித்து, கழிவு சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

பிறகு ரிசர்வ் டேங்கில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். முதல் ஓரிரு நாள் கொஞ்சம் இறங்கினால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறியிருக்கிறது. கோடு வரை ஊற்றலாம். அதற்குப் பிறகும் இறங்கினால் ஊற்றுவதோடு நிறுத்தாமல் பிரஷர் டெஸ்டை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.