தம்பியின் பாதுகாவலர் சான்றுக்காக அலைந்த ஓராண்டு

என் தம்பிக்கு 31 வயது நடந்துகொண்டிருந்தபோது அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். மருத்துவச் செலவுக்காக, அப்பா தம்பியின் பெயரில் போட்டுவைத்திருந்த வைப்புத்தொகையை எடுக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். அவர் மேஜர், அவரேதான் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அவனுக்கு எழுத வராது, அறிவுசார் குறைபாடு உள்ளவன் என்றேன். அப்படியானால் சட்டப்படியான பாதுகாவலர் சான்றைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். 18 வயது முடிந்த அன்றோடு பெற்ற தாயும் சட்டத்தின் பார்வையில் பாதுகாவலர் அல்லர் என்பதை, 13 ஆண்டுகள் கழித்து, ஒரு வங்கியில் நின்றுகொண்டு நான் தெரிந்துகொண்டேன்.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் உரிமையியல் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும் என்றார். அது தேவையில்லை என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்தான் சொன்னார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர் குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். மனநோய் இந்தச் சட்டத்தில் வராது. மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் ஒன்றாக நினைத்து அலைந்த இரு குடும்பங்களை அந்த அலுவலகத்தின் வராந்தாவிலேயே சந்தித்தேன்.

ஆனால் அந்த மனுவைத் தொடுவதற்கு முன் செல்லுபடியாகும் ஊனச் சான்று வேண்டும். எங்களிடம் இருந்தது அவனுடைய எட்டாவது வயதில் வாங்கிய, "மனவளர்ச்சி குன்றியவர்" என்று கையால் எழுதப்பட்ட, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு எதுவும் நடக்காது, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மதிப்பீட்டுக்கு வரவேண்டும் என்றார்கள்.

அந்த மதிப்பீட்டு நாளைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அம்மாவை நடைவண்டியோடு அழைத்துப் போயிருந்தேன், ஏனென்றால் அவனைப் பற்றி முழுதாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. நுண்ணறிவுச் சோதனையைத் தவிர, அன்றாட வாழ்வில் ஒருவர் தாமாக எதையெல்லாம் செய்துகொள்கிறார் என்று வீட்டாரிடம் கேட்டு மதிப்பெண் போடும் ஓர் அளவுகோலும் உண்டு. உளவியலாளர் கேட்டதற்கெல்லாம் அம்மா, "செய்வான்" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குளிப்பானா? குளிப்பான். சட்டை போட்டுக்கொள்வானா? போட்டுக்கொள்வான். தண்ணீரை விளாவி வைத்து, சோப்பைக் கையில் கொடுத்து, இப்போது முதுகு, இப்போது கால் என்று வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை. பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. பிள்ளையை ஊரார் குறைவாகப் பேசக்கூடாது என்பதற்காக முப்பது ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய பதில் அது. நான் குறுக்கிட்டதும் என்னை முறைத்தார். உளவியலாளர் பொறுமையாக, "நீங்க ஒரு வாரம் வெளியூர் போயிட்டா இதையெல்லாம் யாரும்மா பார்ப்பாங்க?" என்று கேட்டார். அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, "நான் எங்கயும் போனதில்லையே" என்றார். அதற்குப் பிறகு கேள்விகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கின, இம்முறை பதில்கள் நீளமாக வந்தன.

சான்றில் 75 சதவீதம் என்று வந்தது. நாற்பதுக்கு மேல், எண்பதுக்குக் கீழ் என்பதால் மஞ்சள் பட்டை போட்ட அட்டை. முதலில் சொன்ன பதில்களோடு திரும்பியிருந்தால் எந்த எண் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே மதிப்பீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மிகைப்படுத்த வேண்டாம், ஆனால் அவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை முந்தைய நாளே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பம் எளிதாகவே இருந்தது, தடுத்தது இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓரெழுத்து, வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் முழுப்பெயர், குடும்ப அட்டையில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இரண்டு மாதங்கள் ஆயின. எந்த விண்ணப்பத்தையும் தொடங்குமுன் எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே மாதிரியாக்கிவிடுவது, பிறகு படும் அலைச்சலில் பாதியைக் குறைத்துவிடும்.

பாதுகாவலர் மனுவோடு அம்மாவின் ஒப்புதல் கடிதத்தையும் என் அண்ணனின் ஆட்சேபமின்மைக் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்தேன். மனுக்கள் ஓரளவு சேர்ந்த பிறகே குழு கூடும் என்பதால் ஐந்து மாதங்கள் காத்திருந்தோம். நடுவில் ஒரு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுத்தேன். அதனால்தான் விரைந்ததா என்று சொல்ல முடியாது.

அந்தக் குழு வெறும் காகிதம் பார்க்கும் குழுவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவையென்றால் எந்தக் காரியத்துக்கு என்று இரண்டையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உறுப்பினர்களில் சக்கர நாற்காலியில் வந்திருந்தவர் என்னை விட்டுவிட்டுத் தம்பியிடமே, "இனிமே உன்னை யார் பார்த்துக்கணும்?" என்று கேட்டார். அவன் தயங்காமல், "அம்மா" என்றான். அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அம்மாவையே ஏன் நியமிக்கக் கூடாது என்று கேட்டார்கள். எனக்கு 72 வயதாகிறது, இவளிடம் கொடுத்துவிட்டால் நான் இருக்கும்போதே இவள் பழகிக்கொள்வாள் என்று அம்மா சொன்னார். அவன் சொன்ன பதிலையும் கோப்பில் குறித்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சான்று வந்தபின்பும் வங்கியில், இது நீதிமன்ற ஆணை இல்லையே என்று தயங்கினார்கள். உள்ளூர் குழு வழங்கும் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007இல் வெளியிட்ட சுற்றறிக்கையின் நகலை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்ததால் அன்றே வேலை முடிந்தது.

தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடான நிராமயாவைப் பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாகப் போட்டோம். ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வயது வரம்போ முன் மருத்துவப் பரிசோதனையோ இல்லை. நாங்கள் கட்டியது 500 ரூபாய். நாமே செலவழித்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும் என்பதால் அசல் ரசீதுகள் ஒன்றுகூடத் தவறக் கூடாது.

இவ்வளவும் கிடைத்தும், பகல் நேரத்தில் அவன் போய்வர ஓரிடம் எங்கள் வட்டத்தில் கிடைக்கவில்லை. சிறப்புப் பள்ளிகள் சிறுவர்களுக்கானவை. தொழிற்பயிற்சி தரும் இல்லம் ஒன்று 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் வேன் எங்கள் ஊர் வரை வருவதில்லை. காகிதங்களுக்காக ஓடிய ஓராண்டில் இதை நான் தேடத் தொடங்கியது கடைசியில்தான். முதலிலேயே தேடியிருக்க வேண்டும்.

பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் தம் பொறுப்பில் உள்ளவருடைய சொத்து, கடன் விவரப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். இதைத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவன் பணத்தை நான் என்ன செய்கிறேன் என்று கேட்க ஒருவர் இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். முதல் பட்டியலில் வைப்புத்தொகையையும் வீட்டில் அவனுக்குள்ள பங்கையும் எழுதிவிட்டு, அவன் யாரையும் தொடவிடாத டிரான்சிஸ்டர் ரேடியோவையும் சேர்த்திருந்தேன். இதெல்லாம் வேண்டாம் என்றார் எழுத்தர். இருக்கட்டும் என்றேன், அவரும் அடிக்கவில்லை.